உன் அத்தை கடைக்கு வராமல் இருந்த மாதம்

வைனி,
தொங்காதாப்பு.

அன்பு மகன் ஃபோலாவுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நாங்கள் இங்கே நலம். இந்தத் தீவில் ஓடுகிற வண்டிகள் எதுவும் நலமாக இல்லை, அதனால்தான் நாங்கள் நலம். நீயும் கெல்லியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரிஸ்பேனில் இப்போது குளிர் என்று போதகர் மனைவி சொன்னார், அவருக்கு அந்த ஊரில் யாரும் கிடையாது, ஆனாலும் சொன்னார், அதனால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசாமல் ஏன் காகிதத்தைக் கையில் எடுத்திருக்கிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் எனக்குப் பக்கத்தில் உன் அப்பா இருப்பார், அவருக்குப் பக்கத்தில் நம் மெக்கானிக் மனாசே இருப்பான், மனாசேக்குப் பக்கத்தில் ரிப்பேருக்கு வந்தவர்கள் நிற்பார்கள், நான் பேசி முடிப்பதற்குள் அவர்களே உனக்குப் பதிலும் சொல்லிவிடுவார்கள். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை. கடைசி வரை படித்துவிட்டு, கெல்லி சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருக்கும்போது அவளிடம் சொல்.

முதலில் கடை. சொந்தமாகப் பட்டறை வைத்து லாபம் பார்ப்பது எப்படி என்று நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்தோம். அந்தத் தொப்பி போட்ட மனிதர் நன்றாகத்தான் பேசுகிறார். வண்டியில் என்ன கோளாறு என்று பார்ப்பதற்கே தனியாகக் காசு வாங்க வேண்டும் என்றார், நானும் ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினேன். உன் அப்பா அதைப் படித்துவிட்டு, "பாக்கிறதுக்குமா காசு? எனக்குக் கண்ணு குடுத்தது கர்த்தர், நீ அதுக்கு பில் போடுறியா?" என்று சொல்லி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார். இப்போது வண்டிக்கு அடியில் படுப்பதற்கு அந்தப் பலகை வசதியாக இருக்கிறதாம். காத்திருப்பவர்களுக்குக் காப்பி வைத்தால் வாடிக்கை பெருகும் என்றும் அந்த மனிதர் சொன்னார். வைத்தேன். சபைப் பாடகர் குழு தன் பயிற்சியை நம் கடைக்கு மாற்றிக்கொண்டது. அவர்களில் ஒருவருக்கும் வண்டி கிடையாது. அடித்தொண்டையில் பாடுகிறவர்கள் சர்க்கரை நிறையப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது மட்டும் தெரிய வந்தது. அந்தத் தொப்பிக்காரருக்குச் சொந்தக்காரர்களே இல்லை போலிருக்கிறது. நமக்கு ரோடு முடிந்து கடல் வருகிற வரைக்கும் சொந்தம்தான், அதனால் நான் என் பழைய முறைக்கே திரும்பிவிட்டேன்.

அந்த முறை நீ இருந்தபோது நடந்ததுதான், கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். வாசலில் சொந்தக்காரர் தலை தெரிந்தால் உன் அப்பா பக்கத்தில் இருக்கிற வண்டிக்கு அடியில் சறுக்கிப் போய்விடுவார், அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வாய் வராது. நான் வெளியே வந்து, அவர் உள்ளே படுத்திருக்கிறார், காது கேட்காது, ரிப்பேருக்கு இவ்வளவு ஆகும் என்று சொல்வேன். வாவாவு தீவுக்காரிக்கு இரக்கமே கிடையாது என்று திட்டிக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். திட்டு எனக்கு, நல்ல பெயர் அவருக்கு, காசு கடைக்கு. யாருக்கும் நஷ்டம் இல்லை. கண்ணில் படுகிற பொருளைத்தான் கேட்பார்கள் என்பதால் பில்டர், பிரேக் ஷூ எல்லாம் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, உன் அப்பா புரண்டு படுத்தால் ஆயில் வாசனை வருகிறது. கம்ப்ரசரை மட்டும் ஒளித்து வைக்க முடியவில்லை. அதைச் சபைக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டு, சபையிடமிருந்து இரவல் வாங்கி வைத்திருக்கிறோம். சபைச் சொத்து என்று பெயின்டால் எழுதிய பிறகு அதை ஒருவரும் தொடுவதில்லை. போதகர் மாதம் ஒருமுறை வந்து அதைப் பார்த்து ஜெபம் செய்துவிட்டுப் போகிறார்.

இந்த முறை எல்லோரிடமும் செல்லும், உன் ஹெபிசிபா அத்தையிடமும் அவர் மகன் லிசியாத்தேயிடமும் செல்லாது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கெல்லிக்கு நீ சொல்வதற்காக எழுதுகிறேன். உன் அப்பாவின் அக்கா நம் எல்லோருக்கும் மேலே. அவரும் அவர் பிள்ளையும் நம் வீட்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஃபஹூ என்பது அதுதான், இல்லை என்ற சொல் அங்கே கிடையாது. தாய்மாமன் என்றால் கொடுப்பதற்குப் பிறந்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இதைப் பார்க்கிறேன். பேட்டரிகள் போயின, ஒரு வெல்டிங் மிஷின் போனது, உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை போடுகிற ஷூ அவர் காலில் இருக்கும்போதே போனது, அன்று அவர் தேவாலயத்திலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்தார். மழை பெய்தால் துணி நனைகிறது, அதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று நான் விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் லிசியாத்தே கடைக்கு வந்திருக்கிறான். கறிப்பலா மரத்தடியில் ஒரு வெள்ளை வேன் நின்றது. பிரேக் எல்லாம் மாற்றி, கழுவித் துடைத்து, மனாசே அதற்குள் வாசனை அட்டை கூடத் தொங்கவிட்டிருந்தான். "மாமா, அந்த வெள்ள வேன நான் எடுத்துக்கிறேன், மாப்பிள்ள ஊர்வலத்துக்குப் போகணும்" என்றிருக்கிறான். உன் அப்பா வேறொரு வண்டிக்கு அடியில் படுத்தபடியே, "எடுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டார். நான் திரும்பி வந்தபோது மரத்தடியில் நிழல் மட்டும் இருந்தது. எங்கே வேன் என்றேன். "லிசியாத்தே எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். "அது நம்ம வண்டி இல்லையே, வாடிக்கைக்காரங்க வண்டியாச்சே!" என்றேன். "தெரியும்" என்றார். தெரிந்துமா கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, என்னை ஒரு மாதிரி பார்த்து, "அவன் கேட்டுட்டானே லோசலின்" என்றார். நான் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த வேன் கலோலைன் என்ற அம்மாளுடையது. பல வருடம் ஆக்லாந்தில் இருந்துவிட்டு இந்த வருடம்தான் வந்தார், விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்குகிற தொழில் தொடங்கியிருக்கிறார். இன்னும் இரண்டு வேன் கப்பலில் வருகிறது, இந்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் அவற்றை யாரிடம் விடுவது என்று முடிவு செய்வேன் என்று என்னிடமே சொன்னவர். திங்கட்கிழமை காலையில் வண்டி எடுக்க வருவதாக இருந்தார். மகனே, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். நம்மிடம் விட்ட வண்டி விட்ட இடத்தில் நிற்கும் என்பதற்காகத்தான் ஜனங்கள் நம்மிடம் வருகிறார்கள். உன் அப்பா பெயரைச் சொல்லி, பெனிசிமானி கடையில் வண்டி விட்டால் அவன் மருமகன் ஊர்வலம் போவான் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அது ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் தீவு முழுக்கப் போய்விடும், அதற்கப்புறம் கடையை மூடிவிட்டு நானும் பாடகர் குழுவில் சேர வேண்டியதுதான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க உன் அப்பாவுக்கு வழியில்லை. நம் முறைப்படி அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்துகூடப் பேசக் கூடாது என்னும்போது, உன் மகனிடமிருந்து வண்டியை வாங்கிக் கொடு என்று எங்கே போய்க் கேட்பது? எனக்கு அதைவிட வழியில்லை. உன் அத்தை வீட்டுக்குள் நான் பின்வாசல் வழியாகப் போய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள்.

சனிக்கிழமை சாயங்காலம் கலோலைன் வீட்டுக்குப் போனேன். அவர் யார் என்று இப்போது சொல்கிறேன். உன் அத்தையின் கணவர் சாயா இறந்துபோனாரே, அவருக்கு அக்கா. என் நாத்தனாருக்கு நாத்தனார். லிசியாத்தேக்கு அத்தை, நமக்கு உன் அத்தை எப்படியோ அந்த வீட்டுக்கு இவர் அப்படி. இது தெரிந்துதான் போனேன், தெரியாமல் போனேன் என்று உன்னிடம் நடிக்க மாட்டேன். ஊருக்கு வந்ததும் உன் அத்தை தன்னை வந்து பார்க்கவில்லை என்று அவருக்கு மனக்குறை, அதனால் இவரும் அந்தப் பக்கம் போகவில்லை, அதனால்தான் லிசியாத்தேக்கு அது யார் வேன் என்றே தெரியாது. அவர் மறுநாள் தேவாலயத்துக்குப் போட வேண்டியதை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். "எந்த லிசியாத்தே?" என்றார். ஹெபிசிபா அண்ணி மகன் என்றேன். "என் தம்பி சாயாவோட பையனா?" என்று கேட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குலுக்கலில் பரிசு விழுந்தவர் போல முகம் மலர்ந்துவிட்டது. "நீ ஒண்ணும் பேசாத, வீட்டுக்குப் போ. நாளைக்கு மதியம் அங்கதான் எனக்குச் சாப்பாடு" என்றார்.

ஞாயிறு மதியம் உன் அத்தை வீட்டுப் பின்கட்டில் நான் குழி அடுப்பைத் திறந்து சேம்பிலைப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். முன்வாசலில் கலோலைன் மரியாதைக்குக் கட்டுகிற பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். உன் அத்தை முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பந்தியின் தலைப்பக்கத்தில் அவர் எப்போதும் உட்காருகிற இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்தார். கலோலைன் நிதானமாகச் சாப்பிட்டார். பெரிய கிழங்கு அவருக்கு, முதல் மீன் அவருக்கு. கை கழுவிவிட்டு, "லிசியாத்தே, வெளிய நிக்குதே வெள்ள வேன், யாருதுடா கண்ணு?" என்றார். "மாமா குடுத்தாரு அத்தை" என்றான் அவன், தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு. "எனக்கு அது வேணும்" என்றார். அவன் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. "பின்னாடி ஒரு பெரிய பன்னி கத்துதே, அதுவும். அந்தக் குளிர்பெட்டி என் தம்பி வாங்கினது தானே, அதுவும். மேல சுருட்டி வச்சிருக்கிற நல்ல பாய் ரெண்டும்" என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டே போனார். அந்தப் பாய்கள் உன் தாத்தா இறந்தபோது முறைப்படி உன் அத்தைக்கு வந்தவை. உன் அத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பாயைக் கொடுக்கும்போது தலையைத் திருப்பி, சமையல்கட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அப்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை கலோலைன் வேனில் பன்றியோடு கடை வழியாகப் போகும்போது ஹாரன் அடித்தார். கப்பலில் வருகிற வேன்களும் நமக்குத்தான். பெனிசிமானி கடையில் வண்டி விட்டால் ஃபஹூவே எடுத்துப் போனாலும் திரும்பி வந்துவிடும் என்று ஊரில் பேச்சு, அப்படி ஒரு விளம்பரம் அந்தத் தொப்பிக்காரருக்குக்கூடத் தோன்றாது. சொந்தக்காரர்கள் என்னைக் கண்டாலே முன்கூட்டிக் காசை எடுத்து நீட்டுகிறார்கள். உன் அப்பா வண்டிக்கு அடியில் ஒளிய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கடை ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு மாதம் வந்ததில்லை. உன் அத்தை மட்டும் வரவில்லை. லிசியாத்தேயும் வரவில்லை. முதல் வாரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா மாறிப் போனார். டயர் மேல் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் ஸ்பானர் இருக்கும், எந்த வண்டிக்கு என்று அவருக்கே தெரியாது. ஆண்கள் கூடி உட்கார்ந்து காவா வேர்ச்சாறு குடிக்கிற இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார், தேங்காய்ப்பாலில் செய்த கோழியைக்கூட. நான் உடம்புக்கு என்ன என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனேன். ஒருநாள் மத்தியானம் தானாகவே சொன்னார், "அக்கா எங்கிட்ட எதையும் கேக்கலன்னா நான் யாருக்குத் தம்பி, லோசலின்?" என்று. அவர் அழவில்லை, நான்தான் உள்ளே போய் அழுதேன். இத்தனை வருடம் நான் நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு நஷ்டமாகவே இருந்ததில்லை. அக்காவிடம் நேரில் உட்கார்ந்து பாசமாக ஒரு வார்த்தை பேச அவருக்கு முறை இல்லை. அவர் கேட்பது, இவர் கொடுப்பது, அது ஒன்றுதான் அந்த இரண்டு பேருக்கும் பேச்சு. அதைத்தான் நான் நிறுத்தியிருக்கிறேன்.

மனாசே கையில் உன் அத்தைக்கு ஒரு புதுப் பேட்டரியைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தது. "லோசலினை அவ கட்டிலுக்கு அடியிலயே வச்சுக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தார், அவருக்கு எல்லாம் தெரியும். பிறகு நானே போனேன். பின்வாசல் வழியாகப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். "பாத்திரம் எதுவும் இல்ல இன்னைக்கு" என்றார். கழுவ வரவில்லை அண்ணி, ஒன்று கேட்க வந்தேன் என்றேன். "நீ கேக்கிறியா? எங்கிட்டயா?" என்றார். "நீங்க வந்து எதையாவது கேளுங்க அண்ணி. அவரு சரியாவே சாப்பிட மாட்டேங்கிறாரு. எது வேணும்னாலும் கேளுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றேன். மடித்த துணியையே திரும்ப உதறி மடித்தார். எவ்வளவு நாளாகச் சாப்பிடவில்லை என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் போகச் சொல்லிவிட்டார். எது வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டு வந்தேனே, வண்டியைத் தூக்குகிற பெரிய ஜாக்கியையே கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு வழியெல்லாம் பயம். கேட்டால் கொடுத்துவிடுவது என்று வீட்டுக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை வந்தார். மரத்தடியிலேயே நின்றுகொண்டார். அவரைப் பார்த்ததும் உன் அப்பா பக்கத்தில் நின்ற காருக்கு அடியில் போய்விட்டார், இந்தத் தடவை ஒளிவதற்காக இல்லை, மரியாதைக்காக. காப்பி குடிக்க வந்த பாடகர் குழு பாட்டை நிறுத்தியது. "லோசலின், உள்ள படுத்திருக்கிறவர்கிட்ட சொல்லு, எனக்கு ஒண்ணு வேணும்னு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "எடுத்துக்கச் சொல்லு!" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. என்ன வேண்டும் என்று நான்தான் கேட்டேன். "பிள்ளைக்குப் பேரு வைக்கிறது அத்தை. ஃபோலாவுக்கு கூடப்பொறந்த பொண்ணு கிடையாது. அப்ப அவன் பிள்ளைக்குப் பேரு வைக்கிறது என் உரிமைதான்" என்றார். அப்படி ஒரு முறை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, அங்கே நின்ற யாரும் கேட்கவும் இல்லை. என்ன பேர் அண்ணி என்றேன். மரத்தைப் பார்த்தபடி, "பெனிசிமானி" என்றார். பெண் பிறந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "பொறக்கிறது எதுவோ அதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் இந்தக் குடும்பத்துக்கு வந்து இத்தனை வருடத்தில் அவர் வாயால் உன் அப்பா பெயரை நான் கேட்டது அன்றுதான். உன் அப்பா வெகுநேரம் அந்தக் காருக்கு அடியிலேயே இருந்தார். அதற்குப் பின்விளக்கு பல்பு மாற்றுகிற வேலை மட்டும்தான் இருந்தது. வெளியே வந்தபோது ஆயில் துணியால் முகம் முழுக்கத் துடைத்திருந்தார். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

கெல்லி ஏற்கனவே ஒரு பேர் பார்த்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அழகான பேர், அதை அடுத்த பிள்ளைக்கு வைத்துக்கொள்ளச் சொல். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் பதில் எழுதாதே, யோசிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை, உன் அப்பா ஏற்கனவே சரி என்று சொல்லிவிட்டார். அவள் வருத்தப்பட்டால் என்மேல் பழியைப் போடு, எனக்குப் பழக்கம்தான். பிரசவத்துக்கு முன்னால் கெல்லிக்குக் கிழங்கு மாவும் உன் அத்தை கொடுத்த தேங்காய்த் தைலமும் அனுப்புகிறேன், சுங்கத்தில் கேட்டால் சமையலுக்கு என்று சொல். நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டால் போகாதே.

இந்தக் கடிதம் உன் அப்பாவுக்குத் தெரியாது. இப்போதும் கீழே படுத்துத்தான் வேலை பார்க்கிறார், யாரும் வராவிட்டாலும். நேற்று நான் அவருக்குத் தேநீர் கொண்டு போனபோது, வண்டிக்கு அடியில் யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. குனிந்து பார்த்தேன், அவர் மட்டும்தான் இருந்தார். சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில், "பெனிசிமானி, இங்க வா, மெதுவா வா" என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேநீரைத் தரையில் வைத்துவிட்டுச் சத்தம் இல்லாமல் வந்துவிட்டேன்.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம் கையில் வைத்துக் காப்பாராக. நீ நல்லவனாகவும், உன் வண்டி துரு ஏறாமலும் இருக்க ஜெபிக்கிறேன்.

உன் அம்மா,
லோசலின்.